‘நல்லாப் பாரு’ பாடிய சித்தி

ஒலிப்பதிவுக் கூடத்தில் என் சித்தியின் இடம் கதவுக்குப் பக்கத்தில். தரையில் அவளுக்கென்றே ஒரு துண்டு நீல ஒட்டுநாடா ஒட்டியிருப்பார்கள். குழுவாகப் பாடும்போது மெல்லிய குரல்காரர்கள் மைக்குக்கு அருகிலும், கனத்த குரல்காரர்கள் தள்ளியும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குரல் மற்ற எல்லாக் குரலையும் விழுங்கிவிடும். சித்தியை முதல் நாள் மூன்றடி தள்ளி நிறுத்தினார்கள். போதவில்லை. ஆறடி தள்ளினார்கள். அப்புறம் கதவு வந்துவிட்டது. “இன்னும் பின்னாடி போகணும்னா கதவைத் திறந்து தெருவுலதான் நிக்கணும்” என்றாளாம். அன்றிலிருந்து அங்கே அவளுக்குப் பெயர் ‘கதவு அக்கா’.

பத்தொன்பது வருடம் அந்த நீல நாடாவின் மேல் நின்று பாடியிருக்கிறாள். பாட்டுக்கு நடுவே ‘ஆ ஆ’ என்று ஒரு கூட்டம் எழுந்து அடங்குமே, அந்தக் கூட்டத்தில் அவள் இருப்பாள். “பாடினவங்க பேரு போட்டுட்டு, கடைசியில ‘மற்றும் பலர்’னு போடுறாங்க பாரு, அந்தப் பலர் நான்தான்” என்பாள்.

அது பிற்பகல் வேலை, கூப்பிட்டால் மட்டும். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆஸ்பத்திரியின் சலவைக் கூடம். பெரிய உருளை இயந்திரத்துக்குள் ஈரமாகப் போகிற படுக்கை விரிப்பு மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி ஓர் உதறு உதறி, இறக்கி, மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய நானூறு விரிப்பு. சித்திக்கு எதிர்முனையில் நிற்பவளை எல்லோரும் ‘நெட்டை’ என்பார்கள். சித்தியைவிட ஒன்றரைத் தலை உயரம். கூடத்தில் இரண்டு பேரும் பாடிக்கொண்டேதான் மடிப்பார்கள். நெட்டைக்குச் சுருதி கிடையாது, ஆனால் வெட்கமும் கிடையாது.

சித்தப்பா கிடங்குக் காவலாளி, பகலில் தூங்குகிறவர். வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட முடியாது. அதனால்தான் சித்தி தன் பாட்டையெல்லாம் சலவைக் கூடத்திலேயே வைத்துக்கொண்டாள்.

எங்கள் ஆட்கள் இந்த நகரத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. கப்பலில் மூட்டை இறக்க வந்தார்கள். மூட்டையோடு மூட்டையாக எங்களையும் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது என்று எங்கள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள். பேச்சு மாறிவிட்டது, உடுப்பு மாறிவிட்டது. நிறமும் மூக்கும் முடியும் மட்டும் எங்களோடேயே தங்கிவிட்டன. வாடகைக்கு வீடு கேட்டாலும் சரி, வரிசையில் முன்னால் நின்றாலும் சரி, இங்கே எங்களைப் பார்த்து எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “பார்த்தாலே தெரியுதே.” என்ன தெரிகிறது என்று யாரும் முடித்துச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரியைத் தாண்டிய முதல் ஆள் நான். சித்தி பாடப் போகும் அதே இசை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில், இரண்டு மாடி மேலே, எனக்கு வேலை கிடைத்தது. பாடகர்களைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு எழுதுவதும், எந்தப் படம் போடலாம் என்று பார்ப்பதும் என் வேலை. நேர்காணலில் நிர்வாகி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “எங்களுக்கு இப்போ உங்க மாதிரி ஒருத்தர் வேணும்” என்றார். என் மாதிரி என்றால் நல்ல மதிப்பெண் வாங்கியவளா, எங்கள் ஆட்களில் ஒருத்தியா என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நிர்வாகியோடு மாடிப்படி இறங்கும்போது எதிரே சித்தி வந்தாள். என் வாயில் ‘சித்தி’ வரவில்லை. “வாங்க அக்கா” என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி, “வணக்கம் மேடம்” என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அதை என் அம்மாவிடம் ஒரு நகைச்சுவையாகச் சொன்னாள். “அக்கா, உன் பொண்ணு ஆபீஸ்ல எனக்குத் தங்கச்சி ஆயிட்டா.”

“அப்போ எனக்கும் தங்கச்சியா? நல்லதாப் போச்சு, நாளையிலேருந்து பாத்திரம் தேய்க்கட்டும்” என்றாள் அம்மா.

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அடுத்த முறை பார்த்தபோதும் நான் “அக்கா” என்றுதான் சொன்னேன். அவளும் “மேடம்” என்றுதான் சொன்னாள். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அந்தப் பாட்டு வந்தது அப்போதுதான். இசையமைப்பாளர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் ஆள் இல்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவர். எங்கள் ஆளான அவருடைய பள்ளித் தோழனைப் பார்த்து ஆசிரியர்கள்கூட “பார்த்தாலே தெரியுதே” என்பார்களாம். அதையே எடுத்துப் பாட்டாக்கியிருந்தார்.

பார்த்தாலே தெரியுதா? பாரு, நல்லாப் பாரு!
மூக்கைப் பாரு, முடியைப் பாரு, முழுசா நின்னு பாரு!

பெரிய பாடகி ஒருத்தர் பாடுவதாக இருந்தது. அன்று அவருக்குத் தொண்டை சரியில்லை. மெட்டு மறக்காமல் இருக்க யாராவது பாடி வைக்கட்டும், பிறகு அவர் வந்து அதன்மேல் பாடிக்கொள்வார் என்று சித்தியைக் கூப்பிட்டார்கள். மேலே இருந்து நானும் காகிதமும் பேனாவுமாக இறங்கி வந்திருந்தேன். இசையமைப்பாளர் மெட்டை மெதுவாக, ஒரு சோகத்தோடு பாடிக் காட்டினார்.

சித்தி கேட்டுவிட்டு, “தம்பி, ஒண்ணு சொல்லலாமா?” என்றாள்.

“சொல்லுங்கக்கா.”

“‘நல்லாப் பாரு’ன்னு சொல்றவ மூக்கைச் சிந்திக்கிட்டா சொல்லுவா? இடுப்புல கையை வச்சுக்கிட்டுல்ல சொல்லுவா?”

அவர் சிரித்தார். “சரி, அப்படியே பாடுங்க.”

சித்தி பாடினாள். கொஞ்சம் வேகமாக, குரலுக்குள் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு. ‘நல்லா’ என்று சொல்லிவிட்டு ஒரு தட்டு நேரம் நிறுத்தினாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. அதன் பிறகு ‘பாரு!’ என்று இறக்கினாள். மெட்டில் அந்த நிறுத்தம் கிடையாது.

“அந்த இடத்துல ஏன் நிறுத்தினீங்க?” என்று கேட்டார் இசையமைப்பாளர்.

“நிறுத்தினேனா?” என்றாள் சித்தி.

ஒரு வாரம் கழித்துப் பெரிய பாடகி வந்து பாடினார். அவ்வளவு இனிமையான குரல். அந்த வரிகளை அவர் பாடியபோது, பார்த்ததற்கு நன்றி சொல்வது போல இருந்தது. அவரே ஒலிபெருக்கியில் சித்தி பாடியதைக் கேட்டுவிட்டு, “இதுக்கு மேல நான் என்ன பாட?” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நிர்வாகி இரண்டையும் கேட்டார். சித்தியின் குரல் வந்தபோது அவருடைய விரல்கள் மேசையில் தாளம் போட்டன. என் சித்தி என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

“குரல் இதுதான்” என்றார் நிர்வாகி. “முகம் யாருது?”

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

“நாப்பத்தேழு வயசு. முன்பல்லுக்கு நடுவுல ஒரு சந்து. குரல் அந்த ஆளுங்க குரலா இருக்கணும், ஒத்துக்கிறேன். முகம் எல்லாருக்கும் பிடிக்கிற முகமா இருக்கணுமில்ல?”

சோப்பு விளம்பரத்தில் சிரித்த ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். அவளை எங்கள் நிறத்துக்குக் கொண்டுவர ஒப்பனைக்காரர் இரண்டு மணி நேரம் போதும் என்றாராம். அவள்தான் பாடியவள் என்று சொல்வதாக ஏற்பாடு. அவளுக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும். “எந்தத் தெரு, என்ன வேலை, எப்படிக் கஷ்டப்பட்டா, எல்லாம் உனக்குத்தான் தெரியுமே. நல்லா எழுது” என்றார் நிர்வாகி என்னிடம்.

நான் எழுதினேன். யாருடைய வாழ்க்கை எனக்குத் தெரியுமோ அதைத்தான் எழுத முடியும். சலவைக் கூடம், சூடான விரிப்பு, கிடங்குக் காவலாளி வீடு எல்லாம் வந்துவிட்டன. அதற்கு மேல் சோகமும் சேர்த்தேன். சூடான விரிப்பின் மேல் அவள் கண்ணீர் விழுந்து ஆவியாவதாக ஒரு வரி. நிர்வாகி அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. அதை இங்கே மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பும் அந்தக் குறிப்பைப் போலத்தான் ஆகும்.

அதைச் சித்தியிடம் காட்டியதும் நான்தான். திட்டட்டும் என்று காட்டினேனா, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லட்டும் என்று காட்டினேனா, இன்றுவரை எனக்கே தெளிவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். ஐந்தாவது வரை படித்தவள். வரிக்குக் கீழே விரலை வைத்து நிதானமாகப் படிப்பாள்.

“யாருடி இந்தப் பொண்ணு?”

“வீடியோவுல வரப் போறவ.”

“என் தெருவுல பொறந்திருக்கா. என் வேலையைப் பார்க்கிறா. என் தொண்டையில பாடுறா.” விரல் இன்னும் இரண்டு வரி இறங்கியது. “ஆனா ஏன்டி இப்படி அழுதுக்கிட்டே இருக்கா?”

“படிக்கிறவங்க மனசைத் தொடணுமில்ல சித்தி.”

“தேய்ச்ச விரிப்பு மேல கண்ணீரை விட்டா மறுபடியும் சுருக்கம் விழும். நெட்டை பிடரியில ஒண்ணு போடுவா.” காகிதத்தை மடித்தாள். அவள் எதை மடித்தாலும் நான்கு மூலையும் சரியாகச் சேரும். “நாங்க சிரிச்சுக்கிட்டுத்தானே மடிக்கிறோம். அப்படி எழுதினா யாருக்கும் பிடிக்காதா?”

மடித்த காகிதத்தை என் கையில் வைத்தாள்.

“பத்தொன்பது வருஷமா கதவுகிட்ட நின்னேன். ஒரு நாள் முணுமுணுத்திருக்கேனா? மத்த பாட்டுக்கெல்லாம் யாரு முகத்தையாவது போட்டுக்கட்டும். ஆனா, ‘முழுசா நின்னு பாரு’ன்னு கத்திட்டு நான் போய் மறைஞ்சு நிக்கணுமா? வெக்கக்கேடு இல்ல? இந்த ஒரு பாட்டுக்கு நான் முன்னாடி நிக்கணும்.”

அடுப்படியில் நின்றிருந்த அம்மா திரும்பினாள். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி. உன்னையும் கூப்பிட மாட்டாங்க, இவ வேலையும் போயிடும்.”

“கூப்பிடாட்டி போகட்டும். ஊருல படுக்கிறவன் இருக்கிற வரைக்கும் விரிப்பு இருக்கும்” என்றாள் சித்தி. பிறகு என்னைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “இவ வேலைக்கு என்னால ஒண்ணும் வராது. ஆபீஸ்ல இவ எனக்கு மேடம்தானே.”

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பாட்டில் ஒரு வேலை பாக்கி இருந்தது. பல்லவியும் முதல் சரணமும்தான் பதிவாகியிருந்தன. இரண்டாவது சரணத்தைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு சித்தி பாடித் தருவதாக ஏற்பாடு.

படப்பிடிப்பை அதே சலவைக் கூடத்தில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பாதி இயந்திரங்கள் ஓடாத நாள். விளம்பரப் பெண் ஒரு முனையையும் நெட்டை மறுமுனையையும் பிடித்து விரிப்பு மடிப்பார்கள். அந்தப் பெண் பாட்டுக்கு வாயசைப்பாள். நெட்டையின் முதுகு மட்டும் படத்தில் வரும். வாயசைக்க உதவியாகச் சித்தி உருளை இயந்திரத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்று கூடவே பாட வேண்டும். என் வேலையை நினைத்து அவளும் மறுக்காமல் வந்து நின்றாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். வந்ததும் சித்தியிடம் போய், “உங்க குரலுக்கு நான் வாயசைக்கவே பயமா இருக்குங்க” என்றாள். பாவம், ஆவியில் நிற்கும்போது அவள் கழுத்தில் பூசியிருந்த எங்கள் நிறம் கோடு கோடாக இறங்கிச் சட்டைக் காலரில் சேர்ந்தது. ஒப்பனைக்காரர் ஓடி ஓடித் துடைத்துப் பூசினார்.

முதல் முறை எடுத்தார்கள். பாட்டு வந்தது. ‘நல்லா’ என்ற இடத்தில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ‘பாரு’ என்று குரல் வெடித்தபோது நெட்டை விரிப்பைத் தூக்கியிருந்தாள். பெண்ணின் முகம் விரிப்புக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சரியான இடத்தில் தூக்கினார்கள். ஆனால் விரிப்புக்குப் பின்னால் அந்தப் பெண் வாயைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது, சூடான ஆவி தொண்டைக்குள் போய் இருமத் தொடங்கினாள். பாட்டு வரும்போது முகம் இல்லை. முகம் வரும்போது பாட்டு இல்லை. ஒன்பது முறை எடுத்தார்கள்.

இயக்குநர், தொப்பி போட்ட ஒரு பெண்மணி, நெட்டையிடம் வந்தார். “கொஞ்சம் அந்தப் பொண்ணுக்குத் தகுந்த மாதிரி தூக்குங்களேம்மா.”

“நானா மாட்டேங்கிறேன்? கை கேக்க மாட்டேங்குது” என்றாள் நெட்டை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. பின்னாளில் வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டேன். “நானூறு விரிப்பு தூக்குற கைக்கு நடிப்பு வருமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இசையமைப்பாளர் மட்டும் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். “அக்கா, அந்த நிறுத்தம் இதுதானா? விரிப்பு மேல போறப்போ வாயை மூடிக்கிறீங்க!”

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் மட்டும் வந்தது. “ஆமா, திறந்தா வெந்துடுமே.” பிறகு ஒரு வியப்போடு, “அடடே, அதான் அப்படிப் பாடினேனா?”

சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக அவள் கை வேலை செய்த விதம் பாட்டுக்குள் புகுந்திருக்கிறது. அவளுக்கே தெரியவில்லை. வேறு யாரும் வாயசைத்து அதைப் பிடிக்க முடியாது.

இயக்குநர் ஒரு வழி சொன்னார். சித்தி வந்து விரிப்பைப் பிடிக்கட்டும், அவள் கைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம், பெண்ணின் முகத்தைத் தனியாக எடுத்து ஒட்டிவிடுவோம்.

சித்தி வெளியே வந்தாள். வேலை செய்யும் சாம்பல் நிற மேலங்கி, வேர்த்த முகம். “கை மட்டுமா?” என்று கேட்டாள்.

“ஆமாங்கம்மா, கை மட்டும் போதும்.”

மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளின் மேல் போய் உட்கார்ந்தாள். “கை ஒரு இடத்துல, குரல் ஒரு இடத்துலன்னு வெட்டித் தைக்க நான் என்ன துணியா? முழுசா வேணும்னா எடுங்க. இல்லன்னா ரெண்டாவது சரணத்தை வேற யாரையாவது பாடச் சொல்லுங்க. இனிமே இந்தப் பாட்டுல எதுக்குப் பின்னாடியும் நான் நிக்க மாட்டேன்.”

ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தையும் யாரோ நிறுத்தினார்கள். நிர்வாகிக்கு முகம் சிவந்தது. அவர் சித்தியிடம் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீ போய்ப் பேசு. உங்க ஆளுதானே, எப்படிப் பேசணும்னு உனக்குத் தெரியும்.”

சித்தி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் அவள் “சரிங்க மேடம்” என்றுதான் சொல்லியிருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயம்தான் என் வாயைத் திறந்தது.

“அவங்க எங்க சித்தி சார்” என்றேன்.

“என்ன?”

“எங்க அம்மாவோட கூடப் பிறந்த தங்கச்சி. அந்தக் குறிப்புல நான் எழுதினது இவங்க கதை. பாதிக்குப் பாதி பொய் கலந்து எழுதினேன்.”

“பாதி எங்க? முக்காலே மூணு வீசம்” என்றாள் சித்தி விரிப்புக் குவியலின் மேலிருந்து.

யாரோ சிரித்தார்கள். நெட்டைதான். அவள் சிரித்தால் மற்றவர்களால் சிரிக்காமல் இருக்க முடியாது. அந்தச் சிரிப்புக்கு நடுவே நான் குவியலருகே போனேன். “சித்தி, எழுந்து வா” என்றேன். அந்த நிறுவனத்து ஆட்களுக்கு முன்னால் அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

“இந்த முகத்தை யாரு பார்ப்பாங்க?” என்றார் நிர்வாகி. கோபத்தைவிடக் கவலைதான் அதில் அதிகம். அவர் கெட்டவர் இல்லை. எதை மக்கள் பார்ப்பார்கள் என்று கணித்தே வாழ்ந்தவர்.

“ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம் சார். பிடிக்கலைன்னா அழிச்சிடலாம்” என்றார் இசையமைப்பாளர். விளம்பரப் பெண்ணும், “எடுத்துப் பாருங்க சார், நானும் பார்க்கணும்” என்று கழுத்தைத் துடைத்தபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சித்தி எழுந்து வந்தாள். ஒப்பனைக்காரர் பெட்டியைத் திறந்துகொண்டு பக்கத்தில் போனார். “என்ன தம்பி பூசப் போறீங்க? என் நிறத்துலயே நான் வந்திருக்கேனே” என்று அனுப்பிவிட்டாள். ஒரு கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி அவள் தலைக்கு மேலே பிடித்தார்கள். உருளை ஓடத் தொடங்கியது. விரிப்பு வந்தது. நெட்டை ஒரு முனை, சித்தி ஒரு முனை.

பார்த்தாலே தெரியுதா? பாரு, நல்லா

விரிப்பு மேலே போனது. ஒரே அமைதி. வெள்ளைத் துணிக்குப் பின்னால் இரண்டு நிழல்கள். துணி இறங்கியது. சித்தியின் முகம், வேர்வை, பல் சந்து, அதற்குள்ளிருந்து ‘பாரு!’ என்ற அந்தக் குரல். இயக்குநர் தொப்பியைக் கழற்றியதை நான் பார்த்தேன். பல்லவி முடிந்தது, முதல் சரணம் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. இன்னொரு விரிப்பை இழுத்தாள். இரண்டாவது சரணத்தையும் அங்கேயே, கைவேலை நிற்காமல் பாடினாள்.

தூரத்துல நின்னு பார்த்தா தப்பாத்தான் தெரியும்,
பக்கத்துல வந்து பாரு, பல்லுச் சந்தும் புரியும்!

‘பல்லுச் சந்து’ எழுதிக் கொடுத்த வரியில் கிடையாது. அங்கே வேறு ஏதோ இருந்தது. இது அவளே போட்டுக்கொண்டது. கடைசி விரிப்பை நான்கு மூலையும் சேர்த்து மடித்து, அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

நிர்வாகி திரையில் அதை ஓட்டிப் பார்த்தார். அவருடைய விரல்கள் மறுபடியும் தாளம் போட்டன. “எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துடலாம்” என்றார்.

“ஏன், எங்கயாவது சுருக்கம் இருக்கா?” என்றாள் சித்தி.

இன்னொரு தடவை எடுக்கவில்லை. அந்த ஒரே ஓட்டம்தான் இன்று எல்லோரும் பார்ப்பது.

பிறகு ஒரு வேலை இருந்தது. பாட்டு வெளியாகும்போது எல்லா இடத்திலும் போடுவதற்கான அட்டைப் படம். அன்று எடுத்ததிலிருந்தே ஒன்றைத் தேர்ந்து இரண்டு பிரதி அச்சடித்திருந்தார்கள். சித்தியைப் பார்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு அழைத்தேன். வேலை முடிந்து நேராக வந்தாள். வாசலில் இருந்த பெண்ணிடம், “எங்க சித்தி, மேலே அனுப்புங்க” என்று சொல்லியிருந்தேன். அவள் வந்ததும், “உன் வாசல்காரப் பொண்ணு எனக்கு நாற்காலி போட்டாடி” என்றாள்.

முதல் பிரதியில் யாரோ பழக்கத்தில் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, அதாவது இறக்கி, விட்டிருந்தார்கள். சித்தி கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். “விரிப்பைத்தான் வெளுப்போம். ஆளையுமா வெளுத்துட்டீங்க?” என்றாள். நிர்வாகியே சிரித்துவிட்டு அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

இரண்டாவது பிரதி சரியாக இருந்தது. அவளேதான். மூக்கு, முடி, பல் எல்லாம் இருந்தன. இறங்கும் விரிப்புக்கு மேலே அந்த முகம் நிமிர்ந்து நின்றது. நிர்வாகி பெருமையோடு, “எப்படிம்மா?” என்றார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு படத்தின் ஓரத்தைத் தொட்டாள். அங்கே விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி இரண்டு கைகள் மட்டும் இருந்தன.

“இது நெட்டை கை.”

“ஆமாம்மா. சும்மா ஓரத்துல இருக்கு.”

“ஆளு எங்க?”

“வெட்டிட்டோம். பாடினது நீங்கதானே?”

“நான் ஒருத்தியா விரிப்பு மடிச்சேன்? அவ தூக்கினதுனாலதான் எனக்கு நிறுத்தத் தெரிஞ்சுது.” படத்தை மேசையில் வைத்துத் தள்ளினாள். “கை இருந்தா ஆளும் இருக்கணும். வெட்டாத படம் இருக்குமே, அதைப் போடுங்க.”

நிர்வாகி என்னைப் பார்த்தார். அட்டையின் அளவு, எழுத்துக்கான இடம், ஒரே முகம் இருந்தால்தான் கைபேசித் திரையில் தெரியும் என்ற கணக்கு எல்லாம் எனக்கும் தெரியும். அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்திருந்தார்கள். கணினியில் முழுப் படத்தைத் தேடித் திறந்தேன். நெட்டை வாயைப் பிளந்து, ஒரு கண்ணை மூடி, எந்தச் சுருதியிலும் சேராத ஏதோ ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள்.

“இதைத்தான் போடப் போறேன் சார்” என்றேன்.

போட்டோம். பாட்டுக் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த அட்டையைப் பார்த்திருப்பார்கள். விரிப்புக்கு இந்தப் பக்கம் சித்தி, அந்தப் பக்கம் நெட்டை. எவ்வளவு சிறிதாக்கியும் நெட்டையை அட்டைக்குள் முழுதாக அடக்க முடியவில்லை. அவள் தலை பாட்டின் பெயரில் ஓர் எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. எழுத்தை நகர்த்தலாமா என்று அச்சகத்திலிருந்து கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.